காலி ஓடைக்கு வழி சொன்னவள்

அந்த ஓடையில் எல்க் இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் என் கணவரையும் அவருடைய நண்பர் டேலையும் அங்கே அனுப்பினேன்.

சொல்லிவிட்டேன். இத்தனை வருடங்களில் இந்த வாக்கியங்களை நான் எழுதியதும் இல்லை, யார் காதிலும் விழும்படி சொன்னதும் இல்லை. என் கணவர் செந்திலுக்கு இன்றுவரை தெரியாது. உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. கேட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்து மட்டும் போய்விடாதீர்கள்.

எல்க் என்பது ஒரு மான். நம் ஊர்க் கடமானைவிடப் பெரியது. ஆண் எல்க் குதிரை உயரம் நிற்கும். தலைமேல் இலையுதிர்ந்த மரம் போலக் கொம்பு விரிந்திருக்கும். நாங்கள் குடியிருந்த டெக்சஸ் பிளானோ பக்கம் அது கிடையாது. அங்கே மலையே கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை சமதரை, அதன் மேல் அலுவலகங்கள், அபார்ட்மென்ட்டுகள், டோல் ரோடு. எல்க் வேண்டுமென்றால் மாநிலம் தாண்டி கொலராடோ மலைகளுக்குப் போக வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. செந்தில் ஒரு டெலிகாம் நிறுவனத்தில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத விசா. கோயம்புத்தூரில் புவியியலில் முதுகலை முடித்து, இரண்டு வருடம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்தவள் நான். கரும்பலகையில் ஒரே மூச்சில் மேற்குத் தொடர்ச்சி மலையை வரைந்து முடிப்பேன். பிளானோவுக்கு வந்த பிறகு காலையில் செந்திலுக்கு டிபன் கட்டிக்கொடுத்து, மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று பார்க்கிங்கைப் பார்ப்பேன். எந்தக் கார் எத்தனை மணிக்குப் போகும் என்பது வரை மனப்பாடம்.

செந்தில் நல்லவர். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை, என்னைத் தவிர.

டேல் அவருடைய அலுவலகத்தில் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். அறுபதைத் தாண்டியவர். மனைவியை இழந்தவர். ஊருக்கு வெளியே தனி வீடு, பின்னால் ஒரு ஏக்கர் புல்தரை. அங்கே வைக்கோல் கட்டுகளை அடுக்கி அம்பு விட்டுப் பழகுவார். துப்பாக்கி பிடிக்காது. "நூறு கெஜத்துக்கு அந்தப்பக்கம் நின்று சுடுவது எனக்கு வேட்டை மாதிரித் தெரியவில்லை" என்பார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் செந்தில், நம் ஊரில் மூங்கிலை வளைத்து வில் செய்து கோவைப் பழத்தைக் குறிவைத்த கதையைச் சொல்லியிருக்கிறார். அந்தச் சனிக்கிழமையே டேல் அவர் கையில் ஒரு வில்லைக் கொடுத்துவிட்டார். இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்.

அன்று மாலை செந்தில் வீட்டுக்கு வந்தபோது இடது முன்கை முழுக்கக் கன்றிச் சிவந்திருந்தது. நாண் அடித்த காயம்.

"என்னுங்க இது? யாரு கூட சண்டைக்குப் போனீங்க?"

"மலரு, நீ பார்த்திருக்கோணும். ஆறாவது அம்பு நடுவுல போய்க் குத்துச்சு. டேலே ஆடிப்போயிட்டாரு."

"மொதல் அஞ்சு?"

"அதெல்லாம் பக்கத்து வீட்டு வேலில இருக்குது" என்று சிரித்தார்.

நான் மஞ்சள் குழைத்துத் தடவிவிட்டேன். கல்யாணமாகி அமெரிக்கா வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த மனிதரை எனக்கு அன்றே பிடித்துவிட்டது, பார்ப்பதற்கு முன்பே.

டேல் எங்கள் வீட்டுக்கு முதல்முறை சாப்பிட வந்தபோது ஒரு பை நிறைய வெண்டைக்காய் கொண்டு வந்தார். அவர் தோட்டத்தில் காய்த்தது. கறிக்குழம்பில் காரம் தாங்காமல் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வழிய, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். என் பெயர் அவர் வாயில் "மல்லர்" ஆனது. நான் திருத்தவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு, சட்டைப் பையிலிருந்து கொலராடோவின் சாலை வரைபடம் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். மடித்த இடங்களெல்லாம் கிழிந்திருந்தன.

இருபது வருடமாக எல்க் வேட்டைக்குப் போக ஆசையாம். ஒரு முறை வேலை போய்விட்டது. ஒரு முறை மகளின் கல்யாணம். கடைசி முறை எல்லாம் தயாரான பிறகு மனைவிக்கு நோய் என்று தெரிந்தது.

"அடுத்த வருஷம் நான் ஓய்வு பெறுகிறேன்" என்றார் டேல். "இனி தள்ளிப்போட்டால் வில்லை இழுக்கத் தோளில் பலம் இருக்காது. ஆனால் தனியாகப் போகப் பயம். அந்த ஊரை எனக்குத் தெரியாது. செந்தில் வருவதாகச் சொல்கிறார்."

செந்தில் என் முகத்தைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதை வெச்சுக்கிட்டு எப்படிப் போவீங்க?" என்று கேட்டேன். "இதுல ரோடு மட்டும்தான் இருக்குது. மேடு எது, பள்ளம் எது, தண்ணி எங்க இருக்குது, எந்தச் சரிவுல வெயில் விழும், ஒண்ணும் தெரியாது. கான்டூர் மேப் வேணும்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அது வகுப்பறைக் குரல். டேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு அதெல்லாம் படிக்கத் தெரியுமா?"

"அவ வாத்தியாருங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் விளக்கினார் செந்தில். அதில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப்போல் என் வாழ்க்கையில் எதுவும் வரவில்லை. வரைபடங்கள் சுருட்டிய குழாய்களில் தபாலில் வந்தன. தரையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைப்பேன். உயரம் காட்டும் பழுப்புக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. வடக்குப் பார்த்த சரிவில் அடர்ந்த மரம் இருக்கும், பகலில் எல்க் அங்கே படுக்கும். விடியலில் புல்வெளிக்கு இறங்கும். நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகங்களில் அதன் தீனி, நடமாட்டம், சேற்றில் புரளும் பழக்கம் எல்லாம் படித்தேன். செந்தில் வேலைக்குப் போன பிறகு நான் மண்டியிட்டு அந்த மலைகளில் விரலால் நடப்பேன். பார்க்கிங்கில் எந்தக் கார் போனது என்று கவனிப்பதை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டேல் வருவார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துவிடுவோம். முழங்கால் வலிக்கிறது என்று அவர் மட்டும் ஒரு தலையணை கேட்பார்.

பிளானோவில் ஏறுவதற்கு மேடு இல்லையென்று, செந்தில் முதுகுப்பையில் சோனா மசூரி மூட்டையை வைத்துக்கொண்டு அபார்ட்மென்ட் படிகளில் ஏறி இறங்கினார். எதிர்வீட்டு ராஜி ஆன்ட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, வேலை ஏதாவது போயிடுச்சா? அரிசி டெலிவரி பண்றாரா?" என்று கவலையோடு கேட்டார்.

அப்புறம் அந்தச் சத்தம். செப்டம்பரில் இணை தேடும் ஆண் எல்க் கூவும். துருப்பிடித்த இரும்புக் கேட்டை மெல்லத் திறப்பதுபோல் அடியில் தொடங்கி, சீழ்க்கையாக உச்சத்துக்குப் போய், கடைசியில் உறுமலாக முடியும். அதே குரலில் கூவி அதைப் பக்கத்தில் வரவழைக்க ஒரு குழாய் விற்கிறார்கள். செந்தில் குளியலறையில் அதை ஊதினார். கீழ்வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது என்று அபார்ட்மென்ட் ஆபீஸுக்குப் போன் செய்தார். பிறகு காரிலேயே, டோல் ரோட்டில் போகும்போது ஊதிப் பழகினார். பக்கத்துக் காரில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சீட்டில் சரிந்து மறைந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

இவ்வளவு அன்பான மனிதர்களுக்கா அதைச் செய்தேன்? ஆம்.

கோடை தொடங்கியபோது பேச்சு எதை எடுத்துப்போவது என்பதற்கு வந்தது. கூடாரம், அடுப்பு, படுக்கைப் பை. எல்லாம் இரண்டு. நான் காபி கலக்கிக்கொண்டே கேட்டேன்.

"கேம்ப்ல யாராச்சும் இருக்கோணுமில்லைங்களா? நீங்க ரெண்டு பேரும் காட்டுக்குள்ள போயிட்டா?"

"எதுக்கு மலரு? டேல் நல்லா சமைப்பாரு" என்றார் செந்தில். "அங்க பாத்ரூம் கூட கிடையாது. ராத்திரி ஐஸ் மாதிரி குளிரும். நீ எதுக்குக் கஷ்டப்படோணும். ராஜி ஆன்ட்டிகிட்ட சொல்லி வெச்சிருக்கறேன், நான் வர்ற வரைக்கும் அவங்க வீட்ல படுத்துக்க."

எனக்காக யோசித்துத்தான் சொன்னார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. 'எனக்கும் வரணும்' என்று நேராகச் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார் என்று இப்போது தெரிகிறது. டேல் கூடுதலாக ஒரு படுக்கைப் பையைத் தூக்கி வண்டியில் போட்டிருப்பார். நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தானாகத் தோன்ற வேண்டும் என்று இருந்தேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் இரண்டு இடங்கள் மிச்சமாயின. ஒன்று, மண்சாலையிலிருந்து அரை மைலில் தொடங்கும் தெற்கு ஓடை. நடக்கச் சுலபம், புல்வெளி உண்டு, தண்ணீர் உண்டு. மற்றொன்று, அதற்கு மேற்கே ஒரு முகட்டைத் தாண்டி இருந்த பள்ளத்தாக்கு. வரைபடத்தில் கோடுகள் வட்டம் வட்டமாக உள்ளே இறங்கும், ஆட்டுக்கல் குழி மாதிரி. அதற்கு ஆட்டுக்கல் என்றே நான் பெயர் வைத்திருந்தேன். டேலும் "ஆட்டு கல்" என்று சொல்லப் பழகியிருந்தார். அங்கே போக ஐந்து மைல் ஏற்றம்.

எது நல்லது என்று முடிவு செய்ய, அந்த வட்டாரத்து வனவிலங்கு அலுவலகத்தில் கேட்கலாம் என்றேன். அவர்கள் இருவருக்கும் வேலைநேரம் என்பதால் நானே போன் செய்தேன். எடுத்தவர் ஒரு பெண் உயிரியலாளர். முதலில் அவசரமாகத்தான் பேசினார். நான் சரிவுகளின் திசையையும் நீரூற்றுகளையும் சொல்லிக் கேட்கத் தொடங்கியதும் அவர் குரல் மாறியது. நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"தெற்கு ஓடைக்குப் போகாதீர்கள்" என்றார். "இந்தக் கோடையில் அங்கே செம்மறி மந்தை மேய்ந்துகொண்டிருக்கிறது. வேட்டைக் காலம் முடியும் வரை இருக்கும். எல்க் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. முகட்டுக்கு அந்தப்பக்கப் பள்ளத்தாக்கில்தான் எல்லாம் ஒதுங்கியிருக்கின்றன. போன வாரம் நான் மேலிருந்து பார்த்தேன். நல்ல கூட்டம்."

பிறகு அவர் கேட்டார்: "நீங்கள் கிழக்கிலிருந்துதானே ஏறப் போகிறீர்கள்?"

நீங்கள்... அத்தனை மாதத்தில் முதல்முறையாக ஒருவர் அந்தச் சொல்லில் என்னைச் சேர்த்தார். நான் போகப்போகிறவள் என்றே அவர் நினைத்துவிட்டார். வில்லோடு ஏறி, விடியலில் முகட்டில் நின்று அந்தக் குழியைப் பார்க்கப்போகிறவள் என்று.

"ஆமாம்" என்றேன். "கிழக்கிலிருந்துதான்."

எந்தப் பாறை வழுக்கும், காற்று மாலையில் எந்தப்பக்கம் திரும்பும், எல்லாம் அவர் எனக்குச் சொன்னார். போனை வைத்த பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சோறு குழைந்துபோனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டேல் தலையணையைப் போட்டு உட்கார்ந்ததும் கேட்டார். "என்ன சொன்னார்கள், மல்லர்?"

நான் தெற்கு ஓடையின் மேல் விரலை வைத்தேன்.

"இங்கதான்னு சொன்னாங்க. இந்த வருஷம் நெறைய இருக்குதாம். ஆட்டுக்கல் வேண்டாம்னாங்க, அங்க ஒண்ணும் இல்லையாம்."

  செந்தில் பென்சிலால் அங்கே ஒரு வட்டம் போட்டார். டேல் மூச்சை விட்டு, "நல்லதாகப் போயிற்று. அந்த ஏற்றம் எனக்கு முடியுமா என்று பயந்துகொண்டிருந்தேன்" என்றார்.

ஏன் செய்தேன்?

பல வருடங்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். பயம். மலையில் நடந்தே பழகாத இருவர், அவர்களில் ஒருவர் அறுபது தாண்டியவர். ஐந்து மைல். பனி எப்போது வேண்டுமானாலும் விழலாம். அவ்வளவு தூரத்தில் ஒரு எல்க்கை வீழ்த்தினால் இறைச்சியை முதுகில் சுமந்து இறங்க வேண்டும். போன் கிடையாது. சாலைக்குப் பக்கத்தில் இருந்தால் பத்திரமாகத் திரும்பி வருவார்கள். இந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் பயம் மட்டும்தான் என்றால், கேட்டதைக் கேட்டபடி சொல்லி, 'அங்கே போக வேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லியிருக்கலாமே. அவர்கள் கேட்டிருப்பார்கள். மூன்றாவதாக ஓர் இடம் தேடியிருப்போம்.

உண்மை வேறு. ஆட்டுக்கல் எனக்கு வேண்டும். அதை நான்தான் கண்டுபிடித்தேன். அதன் ஒவ்வொரு கோட்டிலும் நான்தான் நடந்தேன். நான் இல்லாமல் அவர்கள் அங்கே போய் நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால் ஒளித்து வைத்துக்கொண்டேன், பண்டத்தை ஒளிக்கும் குழந்தையைப்போல.

எவ்வளவு அற்பம் பாருங்கள்.

செப்டம்பரில் டேலின் பிக்கப் வண்டியில் கிளம்பினார்கள். நான் தக்காளித் தொக்கும் இட்லிப் பொடியும் கட்டிக்கொடுத்தேன். செந்தில் என் தலையில் கை வைத்து, "உன்னாலதான் மலரு இதெல்லாம்" என்றார். வண்டி திரும்பும் வரை டேல் ஜன்னல் வழியே கையாட்டிக்கொண்டே போனார்.

அவர்கள் இல்லாத நாட்களில் ராஜி ஆன்ட்டி வீட்டில் சாப்பிட்டேன், தூங்கினேன். இடையில் இரண்டு முறை செந்தில் ஊருக்குள் இறங்கி வந்து போன் செய்தார். முதல் முறை, "இன்னும் ஒண்ணும் கண்ணுல படல, ஆனா ஊரு எப்படி இருக்குது தெரியுமா" என்றார். இரண்டாம் முறை, "டேல் கொஞ்சம் டல்லா இருக்காரு" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். 'முகட்டைத் தாண்டிப் போங்க' என்று மூன்றே சொல். அவர்களிடம் இன்னும் நாட்கள் இருந்தன. "உடம்பப் பார்த்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தாடியோடு, புகை வாசனையோடு, வெறுங்கையோடு திரும்பினார்கள்.

செந்திலுக்குப் பெரிய வருத்தம் இல்லை. கரடி பார்த்தாராம், பொன்னிறமாக மாறிய மரங்களைப் பார்த்தாராம். ஓடையில் செம்மறி மந்தை இருந்ததைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னார். "அந்த ஆபீஸ்காரங்களுக்கு இதுகூடத் தெரியல பாரு." அந்தப் பெண்ணின் மேலும் பழி விழுந்தது. நான் புகை வாசனை அடிக்கும் துணிகளை ஊறவைக்கப் போனேன்.

டேல்தான் மாறியிருந்தார். அடுத்த ஞாயிறு சாப்பிட வந்தார். தரையில் உட்காரவில்லை. மேஜையில் கறிக்குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"அவை கூவியிருக்கும்" என்றார் திடீரென்று.

"என்ன டேல்?" என்றார் செந்தில்.

"செப்டம்பர் நடுவில், அவ்வளவு நல்ல இடத்தில், கீழே செம்மறி மேய்ந்தாலும் மேலே மரங்களுக்குள் கூவாமல் இருக்காது. எனக்குத்தான் கேட்கவில்லை. நீ குழாயில் ஊதிப் பழகியிருந்தாலும், காட்டில் தூரத்திலிருந்து அது எப்படிக் கேட்கும் என்று உனக்குத் தெரியாது. நீ என்னை நம்பி வந்தாய். என் காது போய்விட்டது, செந்தில். ஒவ்வொரு காலையும் அங்கே உட்கார்ந்து, அவை என்னைச் சுற்றிக் கூவுகின்றன, எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

நான் அப்பளத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவரைச் சுற்றி எதுவும் கூவவில்லை. கூவ அங்கே எதுவும் இல்லை. அதை அறிந்த ஒரே ஆள் அந்தச் சமையலறை வாசலில் நான்தான். ஒரு வாக்கியம் போதும், அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். செந்தில் என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அப்பளத்தை மேஜையில் வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்கள் திட்டத்தில் குறையே இல்லை, மல்லர். இவ்வளவு நன்றாகத் திட்டமிட்டு யாரும் காட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள். குறை எங்களிடம்தான்."

பிறகு அவர் காதைப் பரிசோதித்துக்கொண்டார். உச்ச ஸ்தாயிச் சத்தங்கள் கொஞ்சம் குறைந்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். வயதுக்கு உரியதுதான். ஆனால் அவருக்கு அது தீர்ப்பு. நான் அதைப் பிடித்துக்கொண்டு சிறிது காலம் நிம்மதியாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் கேட்டிருக்காது, ஆட்டுக்கல்லுக்கே போயிருந்தாலும் கேட்டிருக்காது என்று. அது உண்மையா? ஒரு கூட்டமே கூவும்போது, பக்கத்திலிருந்து, கொஞ்சம் மந்தமான காதுக்குக்கூடக் கேட்காதா?

ஓய்வு பெற்ற அன்று டேல் தன் வில்லைக் கொண்டுவந்து செந்திலிடம் கொடுத்தார். "எனக்கு இனி எதற்கு" என்றார். செந்தில் வேண்டாம் என்று மல்லுக்கட்டினார். அவர் கேட்கவில்லை. வீட்டை விற்றுவிட்டு ஓக்லஹோமாவில் மகள் வீட்டோடு போய்விட்டார். வருடத்துக்கு ஒருமுறை வாழ்த்து அட்டை வரும். உள்ளே "செந்திலுக்கும் மல்லருக்கும்" என்று கோணல் எழுத்தில். பிறகு எங்கள் மகள் யாழினி பிறந்தபின் அவள் பெயரும் சேர்ந்தது.

இரண்டாயிரத்தில் எங்களுக்கு கிரீன் கார்டு வந்தது. எங்கேயாவது போகலாம் என்றார் செந்தில். கொலராடோ என்றேன். செப்டம்பரில் என்றேன். யாழினிக்கு மூன்று வயது.

ஆட்டுக்கல்லுக்கு மேற்கே ஓர் உயரமான கணவாய் வழியாக நெடுஞ்சாலை போகிறது. அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்க முடியாது, செங்குத்தான பாறை. ஆனால் நின்று பார்க்கலாம். அதையும் நான் அந்த நாட்களிலேயே பார்த்து வைத்திருந்தேன். "இங்க கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. யாழினியைத் தூக்கிக்கொண்டு தடுப்புக் கல் வரை நடந்தோம்.

காகிதத்தில் எத்தனை முறை பார்த்த இடம்! எல்லாம் நான் நினைத்த இடத்தில் இருந்தது. குழியின் அடியில் சின்ன ஏரி, அதைச் சுற்றிப் புல், வடக்குச் சரிவில் கறுத்த மரங்கள்.

காற்று கீழிருந்து மேலே வந்தது. அதோடு அந்தச் சத்தமும் வந்தது. ஒன்று. அதற்குப் பதில்போல் இன்னொன்று. பிறகு எத்தனை என்று தெரியவில்லை, பள்ளத்தாக்கு முழுக்க.

"வாட்ஸ் தட், அம்மா?" என்றாள் யாழினி.

செந்தில் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது அந்த ஆட்டுக்கல்லு தானே மலரு?"

"ஆமாங்க."

"இங்க ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்கன்னியே."

என்னைப் பார்க்காமல்தான் கேட்டார். நான் யாழினியின் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அந்த வருஷம் அப்படி" என்றேன்.

அவர் தலையாட்டினார். நம்பினாரா? நம்பியதாகவே இருந்துகொண்டாரா? கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. "டேல் இதைக் கேட்டிருக்கோணும்" என்று மட்டும் சொன்னார்.

கீழே ஊருக்கு வந்ததும் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்த பொதுத் தொலைபேசியில் ஓக்லஹோமாவுக்கு அழைத்தார். டேலின் மகள் எடுத்து அவரிடம் கொடுத்தாள். காது இன்னும் மோசமாகியிருந்தது. செந்தில் கத்திக் கத்திப் பேசினார். "கேட்டோம் டேல்! ஆட்டுக்கல்லில்! ஒரு பத்தாவது இருக்கும்!" அந்தப்பக்கம் என்ன சொன்னாரோ, செந்தில் சிரித்தார். பிறகு யாழினியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். "உங்கிட்டப் பேசோணுமாம்."

"மல்லர்" என்றார் டேல். குரல் மெலிந்திருந்தது. "அந்த முகட்டை நான் தினமும் காலையில் பார்த்தேன், தெரியுமா? ஏறிப் பார்க்கலாமா என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். கிழவனால் முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். செந்திலையும் போக விடவில்லை. தப்பு என்னுடையது."

"இல்லை டேல்" என்றேன்.  "எனக்குத் தெரியும். அவை அங்கே இருப்பது எனக்கு அப்போதே தெரியும்."

சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான், ஆனால் சொல்லிவிட்டேன்.

"என்ன? கேட்கவில்லை" என்றார் அவர். "இந்தக் காது உதவாது. சத்தமாகச் சொல்லுங்கள்."

செந்தில் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். யாழினி அவர் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். எதையும் கவனிக்காதவர்போல் அவர் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமாகச் சொல்ல என்னிடம் குரல் இருந்தது. அறுபது பேர் உட்கார்ந்த வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கப் பேசியவள் நான்.

"உங்க ஊர்ல குளிர் ஆரம்பிச்சிருச்சான்னு கேட்டேன்" என்று கத்தினேன்.

"ஓ, இன்னும் இல்லை, இன்னும் இல்லை" என்றார் டேல் சந்தோஷமாக. பிறகு மகள் வீட்டுப் பின்பக்கத்தில் அவர் போட்டிருக்கும் தோட்டத்தைப் பற்றியும், பேரன் படிப்பைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். என் "ம்" அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் நிறுத்தாமல் பேசினார், நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன் என்ற நம்பிக்கையில்.

அடுத்த வருடம் வாழ்த்து அட்டை வரவில்லை. அவர் மகள்தான் போன் செய்தாள்.